தொண்டை பாதி, வாய் மீதி: குரல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். விளம்பரக் குரல், நாடகப் பதிவு, பஜனைப் பாட்டு, பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் ஒத்திகை என்று எல்லாம் வரும். யார் வந்தாலும், ஹெட்போனைக் கழற்றியதும் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்களில் வரும் மீடிறன், பரிவு, சுருதி போன்றவை பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்துச் சொற்கள். மீடிறன் என்றால் ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்பது. அதன் அலகு ஹேர்ட்ஸ். பரிவு என்றால் ஒரு குழாயோ கூடோ தனக்குப் பொருந்தும் மீடிறனை மட்டும் உரப்பாக்குவது.

1. குரல் தொண்டையில இருந்து வருதா, வயித்தில இருந்து வருதா? பாட்டு மிஸ் "வயித்தில இருந்து பாடு" எண்டு சொல்லுறா.

மிஸ் சொல்வது காற்றைப் பற்றி. பேசுவதற்கான காற்று நுரையீரலில் இருக்கிறது. அதை எவ்வளவு நிதானமாக வெளியே விடுவது என்பதை வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் தீர்மானிக்கின்றன. அதற்குப் பெரிய பலம் ஒன்றும் தேவையில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டு ஊதிக் குமிழி வரவைத்துப் பாருங்கள். சாதாரணப் பேச்சுக்கு வேண்டிய அமுக்கம் அவ்வளவுதான்.

அந்தக் காற்று குரல்வளையில் துண்டு துண்டாக வெட்டப்படும்போது ஒரு ரீங்காரம் பிறக்கிறது. அதன் வேகம்தான் சுருதி. அந்த ரீங்காரம் தொண்டை, வாய், மூக்கு வழியாக வெளியே வரும்போதுதான் அது 'ஆ' என்றும் 'ஈ' என்றும், உங்கள் குரல் என்றும் என் குரல் என்றும் ஆகிறது. இது ஒலியின் பண்பு. சுருதி ஓரிடத்தில், பண்பு வேறோர் இடத்தில். கீழே வரும் கேள்விகளில் அரைவாசிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

2. குரல் நாண் எண்டா வீணைத் தந்தி மாதிரி ஒரு கம்பியா?

இல்லை. குரல்வளைக்குள் முன்னிருந்து பின்னாகக் கிடக்கும் இரண்டு சதை மடிப்புகள். வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீற்றர் நீளம், பெண்ணுக்கு 12 முதல் 18. மூச்சு விடும்போது விலகி நிற்கும். பேசும்போது ஒன்றையொன்று நெருங்கி வழியை அடைக்கும். கீழிருந்து வரும் காற்று அவற்றைப் பிளந்துகொண்டு பாயும். அவற்றின் மீள்தன்மையும் பாயும் காற்றின் அமுக்கக் குறைவும் சேர்ந்து திரும்ப மூடவைக்கும். ஊதிய பலூனின் வாயை இரு பக்கமும் இழுத்துப் பிடித்தால் கீச்சென்று கத்துமே, அதே வேலைதான். பலூன் வாயை இன்னும் இழுத்தால் சுருதி ஏறுவதைப் போலவே, குரல்வளைத் தசை நாண்களை நீட்டி இறுக்கும்போது நம் சுருதியும் ஏறுகிறது.

பேசும்போது ஆண்களுக்கு இது பெரும்பாலும் செக்கனுக்கு 100 முதல் 130 தடவை, பெண்களுக்கு 190 முதல் 220 தடவை நடக்கும். ஒவ்வொரு தடவையும் மூளை கட்டளை அனுப்புகிறது என்று 1950களில் பிரான்சில் ஒரு கொள்கை எழுந்தது. அது நிலைக்கவில்லை. மூளை நாண்களை உரிய இறுக்கத்தில் கொண்டுவந்து வைப்பதோடு சரி, மீதியைக் காற்றே பார்த்துக்கொள்கிறது என்று 1958 இல் நெதர்லாந்து ஆய்வாளர் வான் டென் பெர்க் விளக்கினார். நாண்களை முதலில் கண்ணால் பார்க்க முடிந்தது வைத்தியருக்கு அல்ல, ஒரு பாட்டு வாத்தியாருக்கு என்பது எனக்குப் பிடித்த செய்தி: 1854 இல் மனுவெல் கார்சியா, பல் வைத்தியர் பாவிக்கும் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தைத் திருப்பி, தன் நாண்களைத் தானே பார்த்தார்.

3. அப்ப ஆ, ஈ, ஊ எல்லாம் எங்க வித்தியாசப்படுது? நாண் ஒண்டுதானே?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நின்று பார்ப்போம். நாண் 120 ஹேர்ட்ஸில் அதிர்ந்தால் வெளிவருவது 120 மட்டும் அல்ல. 240, 360, 480 என்று அதன் மடங்குகள் எல்லாம் பல ஆயிரம் ஹேர்ட்ஸ் வரை கூடவே வரும், மேலே போகப் போகப் பலம் குறைந்தபடி. இந்தக் கூட்டம் குரல்வளையிலிருந்து உதடு வரையுள்ள பாதையூடாகப் போக வேண்டும். ஆணுக்கு அந்தப் பாதை ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர்.

உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு ஒரு முனை மூடிய குழாய் நினைவிருக்கும். குழாயின் நீளத்தைப் போல நான்கு மடங்கு அலைநீளம் உள்ள ஒலிக்கு முதல் பரிவு. வாய்க்குள் இருக்கும் சூடான ஈரக் காற்றில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர் என்று எடுத்தால், 350 ஐ 0.68 ஆல் வகுக்க ஏறத்தாழ 515 ஹேர்ட்ஸ். அடுத்தவை அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும்: 1500, 2500 இன் பக்கம். இந்தப் பரிவு இடங்களை ஃபோர்மன்ட் என்பார்கள். நாக்கும் தாடையும் உதடும் அசையும்போது குழாயின் வடிவம் மாறும், ஃபோர்மன்ட்கள் இடம்பெயரும், அவற்றின் அருகே விழும் மடங்குகள் உரப்பாகும், தள்ளி விழுபவை அடங்கும். நாம் 'ஆ' என்று கேட்பது அந்த ஏற்றத்தாழ்வைத்தான். 1952 இல் பீற்றர்சனும் பார்னியும் அமெரிக்க ஆங்கிலத்தில் அளந்தபடி, ஆண் குரலின் ஈகாரத்துக்கு முதல் இரண்டும் 270, 2290. ஆகாரத்துக்கு 730, 1090. ஊகாரத்துக்கு 300, 870. தமிழ் உயிர்களுக்கு எண் சற்றே மாறும், ஒழுங்கு மாறாது: வாய் திறக்கத் திறக்க முதலாவது ஏறும், நாக்கு முன்னே வர வர இரண்டாவது ஏறும்.

சோதித்துப் பார்க்க ஒரே சுருதியில் நின்று ஆ, ஈ, ஊ என்று சொல்லுங்கள். பிறகு ஈகாரத்தைப் பிடித்துக்கொண்டு ச ரி க ம ஏறுங்கள். முதலாவதில் தொண்டை சும்மா இருக்க வாய் வேலை செய்கிறது; இரண்டாவதில் வாய் சும்மா இருக்கத் தொண்டை வேலை செய்கிறது. ஜப்பானில் 1941 இல் சிபாவும் கஜியாமாவும், பிறகு 1960 இல் சுவீடனின் குன்னார் ஃபான்ற்றும் விரிவாகக் கணக்கிட்டுக் காட்டியது இந்தப் பிரிவினையைத்தான்.

4. இதெல்லாம் தொல்காப்பியத்தில அப்பவே இருக்கு எண்டு எங்கட தமிழ் சேர் சொல்லுறார். உண்மையா?

உறுப்புகளைப் பற்றியது இருக்கிறது, அதுவும் மிகத் திருத்தமாக. பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்துகள் பிறக்கின்றன என்று எட்டு இடங்களைச் சொல்கிறார் தொல்காப்பியர். பன்னிரண்டு உயிரும் மிடற்றில் பிறந்த காற்றால் ஒலிப்பவை என்றும் சொல்கிறார். எந்த எழுத்துக்கு நாக்கின் எந்தப் பாகம் எங்கே போகிறது என்ற விவரத்தை இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுக்கலாம்.

மடங்கு, பரிவு, ஃபோர்மன்ட் பற்றிய பேச்சு அதில் இல்லை. அளக்கும் கருவி இல்லாமல் அது வந்திருக்கவும் முடியாது. இல்லாததை ஏற்றிச் சொல்வதைவிட, கருவியே இல்லாமல் தன் வாயை மட்டும் கவனித்து இவ்வளவு கண்டுபிடித்ததைச் சொல்வது அவருக்குக் கூடுதல் மரியாதை என்பது என் அபிப்பிராயம்.

5. ரெக்கோர்ட் பண்ணிக் கேட்டா என்ட குரல் ஏன் இவ்வளவு கேவலமா இருக்கு? மைக் பிழையா?

மைக்கில் பிழையில்லை. நீங்கள் பேசும்போது உங்கள் குரல் உங்களுக்கு இரண்டு வழியால் வருகிறது: ஒன்று வாயிலிருந்து காற்று வழியாகக் காதுக்கு, மற்றது மண்டையோட்டு எலும்பு வழியாக நேரே உட்காதுக்கு. எலும்பு வழியில் தாழ்ந்த மீடிறன்கள் நன்றாக வரும், அதனால் உங்கள் குரல் உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கனமாகக் கேட்கும். ஒலிப்பதிவில் எலும்பு வழி இல்லை. மெல்லியதாகத் தெரியும் அந்தக் குரலைத்தான் வீட்டிலும் ஒபிசிலும் எல்லோரும் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. அடிக்கடி கேட்டால் பழகிவிடும். அறிவிப்பாளராக விரும்பும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுவேலை அதுதான்.

6. போன்ல அம்மாவையும் மகளையும் பிரிச்சுத் தெரியாது. நேர்ல அப்பிடி இல்லையே?

இரண்டு காரணம். குடும்பத்துக்குள் வாய், தொண்டை அமைப்பு ஒத்துப்போகும், பேசும் இழுவையும் ஒத்துப்போகும். அதோடு பழைய தொலைபேசி முறை 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை மட்டும்தான் அனுப்பும். மூன்றாம் பதிலில் சொன்ன முதல் இரண்டு ஃபோர்மன்ட்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்குவதால் சொல் விளங்கும். ஆளை அடையாளம் காட்டும் மேற்பகுதி வெட்டுப்படும். 'எஸ்' எழுத்தின் சீறல் 4000 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் பலமாக இருக்கிறது. அதனால்தான் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது "எஸ்ஸா எஃப்பா?" என்று மறுமுனையில் கேட்கிறார்கள். இப்போதைய 4ஜி அழைப்புகளில் பலவற்றில் 50 முதல் 7000 வரை போகும்; குரல் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தால் காரணம் அதுதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 120 ஹேர்ட்ஸில் பேசும் ஆணின் 120 ஐப் பழைய தொலைபேசி அனுப்பவே இல்லை, 240 ஐயும் இல்லை. ஆனாலும் நமக்கு ஆண் குரலாகவே கேட்கிறது. 360, 480, 600 என்று சமமான இடைவெளியில் வரும் மடங்குகளைக் கேட்டு, இல்லாத 120 ஐ நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது.

7. தடிமன் பிடிச்சா ஏன் குரல் மாறுது?

தொண்டையும் மூக்கும் தனித்தனியாக மாறுகின்றன. நாண்கள் வீங்கினால் பாரம் கூடும், மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். சரியாக மூடாமல் காற்று கசிந்தால் கரகரப்பு வரும். மூக்கு அடைபட்டால் சுருதிக்கு ஒன்றும் ஆகாது, ம, ந, ண, ங போன்ற மூக்கெழுத்துகள் கெடும்.

இப்போதே மூக்கை விரலால் பொத்திக்கொண்டு "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். "அப்பா"வுக்குக் கிட்டத்தான் வரும். "அப்பா" என்று சொன்னால் மாற்றமே இல்லை. இரண்டுக்கும் உதடு செய்வது ஒரே வேலை. ம வரும்போது மூக்கு வழி திறந்திருக்கும், ப வரும்போது அண்ணத்தின் பின்பகுதி எழுந்து அதை மூடிவிடும்.

8. மகனுக்குக் குரல் உடையுது. சங்கீத வகுப்பை நிப்பாட்ட வேணுமா?

நிறுத்த வேண்டாம், சுருதியை மாற்றுங்கள். பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் ஆண் பிள்ளைகளின் குரல்வளை பெருத்துக் கீழிறங்குகிறது, நாண்கள் நீண்டு தடிக்கின்றன, பேச்சுச் சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது பாதி மீடிறனுக்கு, இறங்குகிறது. நேற்றுவரை பழகிய இறுக்கம் இன்றைக்குப் பொருந்தாததால்தான் நடுவில் கீச்சென்று தாவுகிறது. பெண் பிள்ளைகளுக்கும் இரண்டு மூன்று அரைச்சுரம் இறங்கும், யாரும் கவனிப்பதில்லை.

இந்தக் காலத்தில் பழைய கட்டையிலேயே (அடிச்சுருதியிலேயே) தாரஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்கு, ஏறச்சொல்லி வற்புறுத்துவதுதான் கெடுதல். பெண்கள் பெரும்பாலும் 5 அல்லது 5½ கட்டையிலும் ஆண்கள் 1 கட்டையின் பக்கமும் பாடுவது வெறும் வழக்கம் அல்ல. 1 கட்டையின் ஆண் ஷட்ஜம் (ச) ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ், 5 கட்டையின் பெண் ஷட்ஜம் 196. இரண்டாம் பதிலில் உள்ள பேச்சுச் சுருதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. தொண்டை கட்டினா குசுகுசுத்துப் பேசினா நல்லதுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குசுகுசுப்பில் நாண்கள் அதிர்வதில்லை. ஒடுக்கமான இடைவெளியால் காற்று உரசிப் போகும் இரைச்சல்தான் மூலம். மெதுவாகச் செய்தால் பாதகமில்லை. ஆனால் நாலு பேருக்குக் கேட்க வேண்டுமென்று அழுத்திக் குசுகுசுத்தால் குரல்வளைத் தசைகள் கூடுதலாக இறுகும். தொண்டை கட்டினால் சத்தம் குறைத்து இயல்பாகப் பேசுவது, அதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மேல்.

சுருதியே இல்லாதபோதும் குசுகுசுப்பு விளங்குவது ஃபோர்மன்ட்கள் அப்படியே இருப்பதால்தான். ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்று வரிசையாகக் குசுகுசுத்துக் கேளுங்கள். ஒரு சுரம் ஏறுவதுபோல் இருக்கும். அது இரண்டாம் ஃபோர்மன்ட். வேறெப்போதும் இவ்வளவு வெளிப்படையாகக் காதில் விழாது.

10. பேர்த்டே பலூன் காஸை இழுத்தா குருவிக் குரல் வருதே, நாண் வேகமா அடிக்குதா?

நாண் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் அடிக்கிறது. ஹீலியத்தில் ஒலி காற்றை விட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம், அதனால் குழாயின் பரிவுகள் எல்லாம் மேலே போய்விடுகின்றன. மாறுவது பண்பு, காது அதைச் சுருதி என்று எடுத்துக்கொள்கிறது. ஹீலியத்தோடு ஒரு சுரத்தைப் பாடி ஹார்மோனியத்தோடு ஒப்பிட்டால் தெரியும், ஆனால் செய்ய வேண்டாம். நுரையீரலில் ஒட்சிசனின் இடத்தை அந்த வாயு பிடித்தால் மயக்கம் வரும்; சிலிண்டரிலிருந்து நேரே இழுத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். விருந்துகளில் பிள்ளைகளைத் தடுங்கள்.

11. பேச்சுப் போட்டியில ழ-வுக்குப் புள்ளி வெட்டுறாங்க. வீட்டில எல்லாரும் "வாளைப்பளம்" எண்டுதான் சொல்லுறம். பிள்ளைக்கு எப்பிடிப் பழக்குறது?

யாழ்ப்பாணப் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகவே ஒலிக்கிறது. அது பிழையல்ல, வட்டார வழக்கு. மேடைக்கு வேண்டுமானால் தனியாகப் பழக்கலாம். ள சொல்லும்போது நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும், காற்று நாக்கின் இரு பக்கத்தாலும் போகும். ழ சொல்லும்போது அதே வளைவு, ஆனால் நுனி தொடாமல் நிற்கும், காற்று நடுவால் போகும். "ள சொல்லப் போ, தொடாதே" என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பாதிப் பேருக்கு அதிலேயே வந்துவிடும்.

ஒலியில் பார்த்தால், நாக்கை மேல்நோக்கி வளைத்து நிறுத்தும்போது மூன்றாம் ஃபோர்மன்ட் நன்றாகக் கீழிறங்கி இரண்டாவதை நெருங்கும். ழகரத்தின் அந்தக் குழைவு அதனால் வருவது. 1999 இல் சிறீகாந்த் நாராயணனும் கூட்டாளிகளும் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படங்களின் துணையோடு ஆராய்ந்தார்கள். நாவின் இந்தச் சின்ன அசைவுகளுக்கு அவ்வளவு கருவி தேவைப்பட்டது. வீட்டில் உங்களுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும்.

12. சிங்களத்தில "மலை"யும் "மரத்தண்டு"ம் எனக்கு ஒரே மாதிரிக் கேக்குது. காது பழுதா?

காது நன்றாக இருக்கிறது, தமிழுக்குப் பழகியிருக்கிறது. இரண்டையும் தமிழில் எழுதினால் "கந்த" என்றுதான் வரும். சிங்களத்தில் மலைக்கு வரும் சொல்லில் மூக்கொலி முழு நீளத்துக்கு நிற்கும். மரத்தண்டுக்கு வருவதில் அது ஒரு கணம் தொட்டுவிட்டு உடனே வெடிக்கும். அரை மூக்கெழுத்து என்று சிங்களத்தில் அதற்குத் தனி எழுத்தே உண்டு. தமிழில் அந்தக் கால அளவு பொருளை மாற்றுவதில்லை, ஆகவே நம் காது அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறது.

ஆங்கிலத்தோடும் இதே சிக்கல்தான். "பாம்பு" என்ற சொல்லில் இரண்டு ப உண்டு: முதலாவதில் உதடு திறந்த பிறகு நாண் அதிரத் தொடங்கும், இரண்டாவதில் உதடு மூடியிருக்கும்போதே அதிரும். தமிழின் சொல்முதல் ப வில் அந்தத் தாமதம் ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். ஆங்கிலத்தின் சொல்முதல் ப வில் 50, 60 வரை இருக்கும், காற்றும் குபுக்கென்று வரும். நாம் காற்றில்லாமல் சொல்லும் முதல் ப ஆங்கிலக் காதுக்கு நம் இரண்டாம் ப மாதிரிக் கேட்பது இதனால்தான். லிஸ்கரும் ஆப்ராம்சனும் 1964 இல் இந்தத் தாமதத்தை அளந்த பதினொரு மொழிகளில் தமிழும் ஒன்று. ஆங்கில வகுப்புக்குப் போகும் பிள்ளையின் உதட்டுக்கு முன் ஒரு கடதாசித் துண்டைப் பிடியுங்கள். அது ஆடினால் சரி.

13. நான் ரீச்சர். வெள்ளிக்கிழமை எண்டா குரல் இல்லை. ஏன்?

200 ஹேர்ட்ஸில் குரல் எழுப்பினால் நாண்கள் செக்கனுக்கு 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. இடைவெளிகளைக் கழித்துவிட்டு, ஒரு மணித்தியாலம் மட்டும் குரல் ஒலித்ததாக வைத்தாலும் 7 இலட்சத்து 20 ஆயிரம் மோதல். ஒரு நாளில் எத்தனை பாடவேளை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இரைச்சலில் நாம் அறியாமலே சத்தத்தைக் கூட்டுகிறோம். பிரெஞ்சு வைத்தியர் எத்தியேன் லொம்பார்ட் 1911 இல் இதை எழுதிவைத்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. பஸ் ஹோர்ன் கேட்கும் வகுப்பறையில் உங்கள் உரப்பு மட்டுமல்ல, சுருதியும் ஏறும். சுருதி ஏறினால் மோதலின் எண்ணிக்கையும் வேகமும் ஏறும். வீதிப் பக்க ஜன்னலைப் பாடவேளையில் மூடுங்கள். அமைதிப்படுத்தக் கத்தாமல் மேசையில் தட்டுங்கள். கடைசி வாங்குக்குக் கேட்க வேண்டுமென்றால் நடந்து போங்கள்: திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும், வகுப்பறையில் எதிரொலியால் அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் தொண்டைக்குச் செலவில்லாத இலாபம். சிறிய ஒலிபெருக்கியை இடுப்பில் கட்டிக்கொள்வதற்கு வெட்கப்படும் ஆசிரியர்களை எனக்குப் புரிவதே இல்லை.

தடிமன் இல்லாமல் கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். புகைப்பவர்கள், விழுங்கக் கஷ்டப்படுபவர்கள், இரத்தம் துப்புபவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவே கூடாது.

14. கற்கண்டும் மிளகும், அதிமதுரம், கொத்தமல்லித் தண்ணி: எது நாணுக்கு நல்லது?

விழுங்கும் எதுவும் நாண்களைத் தொடுவதில்லை. தொட்டால் புரைக்கேறி இருமுவீர்கள். இவையெல்லாம் உமிழ்நீரைச் சுரக்கவைத்துத் தொண்டைக்கு இதம் தரும். அது போதுமான நன்மைதான். நாண்களின் ஈரம் உடம்பிலுள்ள நீரிலிருந்து வருவது, ஆகவே நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பது, ஆவி பிடிப்பது உதவும். கொழும்பின் புழுக்கம் உண்மையில் குரலுக்கு நல்லது; ஏசி அறையில் எட்டு மணித்தியாலம் இருப்பதுதான் தொண்டையை வறளவைக்கும்.

15. வானொலி அறிவிப்பாளர் மாதிரிக் கனமான குரல் பழகலாமா?

நாணின் நீளத்தைப் பழகி மாற்ற முடியாது. சுருதியை வலிந்து கீழே தள்ளுபவர்களின் குரல் வசன முடிவில் கரகரவென்று விழும், கேட்கவும் அலுப்பு. கனமாகக் கேட்பதில் பாதி மைக்கின் வேலை: ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்குகளுக்குக் கிட்டப்போனால் தாழ்ந்த மீடிறன்கள் தாமாகவே கூடும். கிட்டப்போகும்போது ப, க வெடிப்புகளின் காற்று அடிக்காமல் வாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள்.

கொழும்பில் 1925 இல் வானொலி தொடங்கியது. மத்திய அலையில் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேர்ட்ஸ்தான் இடைவெளி; நிலையத்தின் அலைக்கு இரு பக்கமும் குரல் இடம் பிடிப்பதால் அதற்குக் கிடைப்பது அதில் பாதி, 4500 ஹேர்ட்ஸ் வரைதான். ஆறாம் பதிலின் தொலைபேசியைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. கரகரக்கும் பெட்டியில் கடல் தாண்டி ஒவ்வொரு சொல்லும் விளங்கியதென்றால், அந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் கனத்தை நம்பவில்லை, உச்சரிப்பை நம்பினார்கள். பழக வேண்டியது அதைத்தான்.

16. வட்ஸ்அப் வொயிஸை ரெண்டு மடங்கு வேகத்தில விட்டா குரல் மாறுறதில்லை. பழைய கசெற்றில மாறினதே?

கசெற்றை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு அதிர்வும் அரைவாசி நேரத்தில் முடியும். சுருதியும் இரட்டிக்கும், ஃபோர்மன்டும் இரட்டிக்கும்: ஹீலியக் குரலைவிட மோசம், ஏனென்றால் அதில் சுருதி மாறவில்லை. போனில் நடப்பது வேறு. குரல் ஒரே அதிர்வைத் திரும்பத் திரும்பச் செய்வதால், மென்பொருள் சிறு துண்டுகளாக வெட்டி, இடையிடையே சிலவற்றைக் கழித்துவிட்டு, தையல் தெரியாமல் ஒட்டுகிறது. மிஞ்சியவை அதே வேகத்தில்தான் அதிர்கின்றன.

17. குரல் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறதானே? அப்ப குரலைக் கேட்டு நம்பலாம்தானே?

1962 இல் லோரன்ஸ் கேர்ஸ்றா என்பவர் அப்படித்தான் சொன்னார், நீதிமன்றங்களிலும் அது நுழைந்தது. 1979 இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகக் குழு ஒன்று எச்சரிக்கையோடு பாவிக்கும்படி சொன்னது. கைரேகை தடிமனுக்கு மாறாது, குரல் மாறும்; வயதுக்கும், அழுகைக்கும், தொலைபேசிக்கும் மாறும். இப்போது சிறிது நேரப் பதிவை வைத்தே கணினி ஒருவரின் சுருதியையும் பண்பையும் போலியாக்கிவிடும். "அம்மா, அவசரமாகக் காசு போடுங்கோ" என்று மகனின் குரலில் அழைப்பு வந்தால், வைத்துவிட்டு அவனுடைய இலக்கத்துக்கு நீங்களே திரும்ப எடுங்கள்.

18. கச்சேரியில உச்சத்தில பாடேக்க சொல்லு ஒண்டும் விளங்குதில்லை. பாடுறவ வாயை ஒழுங்காத் திறக்கிறதில்லையா?

பெரும்பாலும் மறுபக்கம்: நன்றாகத் திறப்பதால்தான். 5 கட்டைப் பாடகிக்குத் தார ஷட்ஜம் 392 ஹேர்ட்ஸ், தார பஞ்சமம் 588. மூன்றாம் பதிலில் சொன்ன அதே 1952 அளவீட்டில் பெண்களின் ஈகாரத்துக்கு முதல் ஃபோர்மன்ட் 310. பாடும் சுரமே அதைத் தாண்டிவிட்டது, அந்தப் பரிவின் அருகே விழ ஒரு மடங்கும் இல்லை. பஞ்சமத்தில் மடங்குகள் 588, 1176, 1764 என்று அவ்வளவு அகலமாக விழுவதால், இடையே ஃபோர்மன்ட் எங்கிருக்கிறது என்று காதுக்குத் தெரிவதே இல்லை. ஈயும் ஊவும் ஒன்றோடொன்று நெருங்கிவிடும்.

மேற்கத்திய இசையில் உச்சக் குரல் பாடும் பெண்கள் தாடையை இறக்கி, முதல் ஃபோர்மன்டைச் சுரத்தின் அளவுக்கு உயர்த்திக்கொள்கிறார்கள் என்று சுவீடனின் ஜொஹான் சுண்ட்பெர்க் காட்டியிருக்கிறார். ஒலி பெருகும், ஈ ஆகாரத்தின் பக்கம் சாயும். நம் பாடகிகளும் உச்சத்தில் ஈகாரத்தை அப்படி விரிப்பதைப் பதிவுகளில் கேட்கலாம். ஆகாரத்தின் முதல் ஃபோர்மன்ட் பெண்களுக்கு 850 இன் பக்கம் இருப்பதால் அங்கே இழப்பு குறைவு. எனவே பிள்ளைக்குப் பாட்டெழுதிக்கொண்டு பதிவுக்கு வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மெட்டின் உச்சியில் ஈயும் ஊவும் வரும் சொற்களை வைக்காதீர்கள், "வா", "தா" என்று ஏதாவது வையுங்கள்.